ஹாப்லைட் படை: எல்லாம் ஒரே மாதிரி இருந்தா சீக்கிரம் முடியுமா?

பிப்ரவரி 9, கேள்வி

மேசைப் போர் விளையாட்டுக்கு 28 மிமீ அளவுப் பொம்மைகளுக்கு வண்ணம் தீட்டி ஒரு கிரேக்க ஹாப்லைட் படை (பெரிய வட்டக் கேடயமும் ஈட்டியும் ஏந்தின காலாட்படை) கட்டலாம்னு இருக்கேன். கி.மு. 480, ஸ்பார்ட்டா. குறைஞ்சது 300 பேர், முடிஞ்சா 600. ஸ்பார்ட்டான்னா எல்லாருக்கும் ஒரே சிவப்புப் போர்வை, வெண்கலக் கேடயம், அதுல லாம்டா (Λ) எழுத்து, அவ்வளவுதான். ஏதன்ஸ் எடுத்தா கேடயத்துக்குக் கேடயம் தனித்தனிப் படம் போடணும், நம்மால ஆகாது. ஒரே மாதிரி இருக்கிறதால ஸ்பார்ட்டாதானே வேகமா முடியும்? கட்டிப் பார்த்தவங்க சொல்லுங்க.

பிப்ரவரி 9, இரவு

தலைகீழ், தம்பி. ஏதன்ஸ்தான் சுலபம்.

சிவப்பு இருக்கே, அது சோம்பேறிக்கான நிறம் இல்ல. கறுப்பு பிரைமர் (அடிப்பூச்சு) மேல சிவப்பு ஒட்டவே ஒட்டாது, மூணு கை போட்டாலும் திட்டுத் திட்டா நிக்கும். அடியில செங்கல் நிறமோ பழுப்போ ஒண்ணு போட்டுத்தான் மேல சிவப்பு. அப்புறம் மடிப்புக்கு இருட்டு, மேட்டுக்கு வெளிச்சம். வெளிச்சத்துக்கு வெள்ளை கலந்தா ரோஸ் கலராயிடும், ஆரஞ்சு பக்கமாத்தான் போகணும். இதை அறுநூறு போர்வைக்கு நினைச்சுப் பாருங்க. நூறாவது போர்வை வரும்போது பெட்டியோட வித்துடலாமான்னு தோணும். நான் வித்தவங்ககிட்ட மலிவா வாங்கினவன், அதனால தெரியும்.

ஏதன்ஸ்ல அந்தத் தொல்லை இல்ல. அங்க குடிமகன் தன் காசுல ஆயுதம் வாங்கிட்டு வந்து நின்னான். வசதி இருந்தவன் வெண்கல மார்புக் கவசம், இல்லாதவன் வெறும் உள்ளாடையோட கேடயம், ஈட்டி. ஒருத்தன் தலைக்கவசம் அப்பா காலத்துது. நிறம் தப்பிப் போனாலும் அது அவன் வீட்டுச் சாயம்னு விட்டுடலாம்.

கேடயப் படத்துக்குத்தான் பயப்படுறீங்கன்னா, லாம்டாவைக் கையால போட்டுப் பார்த்துட்டு வந்து பேசுங்க. குவிஞ்ச பரப்புல ரெண்டு நேர்கோடு, ரெண்டும் ஒரே நீளம், ஒரே சாய்வு, உச்சியில சரியாச் சேரணும். அது போதாதுன்னு பக்கத்துல இருக்கிறவனோடதும் அதே மாதிரி இருக்கணும். ஒண்ணு கோணினா வரிசையே கோணலாத் தெரியும். ஏதன்ஸ்காரன் கேடயத்துல போடுற ஆக்டோபஸ் கோணினா ஆக்டோபஸ்தான்.

பிப்ரவரி 10

லாம்டா பத்தி இன்னொண்ணு. 480க்கு அதுக்கு ஆதாரம் கிடையாது. நமக்குக் கிடைச்சிருக்கிற சான்று யூப்போலிஸ்னு ஒரு நகைச்சுவை நாடகாசிரியர் எழுதின துணுக்கு. அது ஏதன்ஸும் ஸ்பார்ட்டாவும் மோதின பெலோபொனீசியப் போர்க் காலத்துது, 480ல பாரசீகத்தோட நடந்த தெர்மோபைலிச் சண்டைக்கு ஐம்பது அறுபது வருஷம் பிந்தினது. தெர்மோபைலிக்கு லாம்டா போடுறது சினிமாவும் பெட்டி அட்டைப் படமும் பழக்கிவிட்ட வேலை.

அப்ப 480 ஸ்பார்ட்டனுக்கு என்ன போடலாம்? அந்தக் கால ஜாடி ஓவியங்கள்ல என்னென்ன இருக்கோ அது. காளைத் தலை, பாம்பு, சேவல், தேள், முக்காலி, கோர்கன்ங்கிற பாம்புமுடி அரக்கி முகம், மூணு கால் சுத்துற மாதிரி ஒரு சின்னம். எல்லாமே தனி ஆள் சின்னம்.

பிப்ரவரி 10, கொஞ்ச நேரம் கழிச்சு

ப்ளூட்டார்க்ங்கிற பழங்கால எழுத்தாளர் ஒரு ஸ்பார்ட்டன் கதை சொல்றார். அவன் கேடயத்துல ஒரே ஒரு ஈ. நிஜ ஈ அளவுதான். யார் கண்ணுலயும் படாம இருக்கத்தான் இப்படிப் போட்டிருக்கேன்னு மத்தவங்க கிண்டல் பண்ணினாங்களாம். இல்ல, நல்லாத் தெரியணும்னுதான் போட்டேன், எதிரிக்கிட்ட அவ்வளவு நெருங்கிப் போறவன் நான்னு பதில் சொன்னானாம். 28 மிமீ பொம்மையில அந்த ஈயை நான் போட்டிருக்கேன். ஊசி முனையில ஒரு புள்ளி. நம்புறவங்க நம்பலாம்.

பிப்ரவரி 13

"அப்படின்னா லாம்டாவே தப்பா"ன்னு சண்டைக்கு வந்திருக்கிற அண்ணனுக்கு: தப்புன்னு சொல்லல, 480க்குத்தான் வேண்டாம்னேன். காலத்தைத் தள்ளிப் போட்டா தாராளமா வரும். ஊர்ச் சின்னம்ங்கிறது மெதுவா வந்து சேர்ந்த பழக்கம். சிகியோன் ஊர்க்காரன் கேடயத்துல சிக்மா (ஊர்ப் பேரோட முதல் எழுத்து) இருந்ததை வரலாற்றாசிரியர் செனோஃபோன் எழுதியிருக்கார். அந்தக் கேடயங்களைப் பிடுங்கி மாட்டிட்டுப் போன ஸ்பார்ட்டாக் குதிரைவீரர்களை எதிராளி சிகியோன்னு நினைச்சுட்டான். 362ல மாண்டினியாவுக்கு முன்னால ஆர்க்கேடியாக்காரங்க தீப்ஸ்காரன் மாதிரி கேடயத்துல கதாயுதம் வரைஞ்சுக்கிட்டாங்கன்னும் அவரே சொல்றார்.

அதனால தம்பிக்கு என் யோசனை: 480ஐ விட்டுட்டு 418க்கு வாங்க, முதல் மாண்டினியாப் போர். லாம்டா ஆசையும் தீரும். முகத்தை மூடுற கொரிந்தியத் தலைக்கவசம் அதுக்குள்ள வழக்கு ஒழிஞ்சு, கூம்பு மாதிரி பைலோஸ் வந்துடுச்சு. பைலோஸ்ல குஞ்சம் கிடையாது, மூக்குத் தகடு கிடையாது, நாலு இழுப்புல வண்ணம் முடிஞ்சுடும். நிறைய பேர் மார்புக் கவசத்தையும் கழட்டிப் போட்டுட்டான். வேலை பாதியாகும். முகம் மட்டும் வெளியில தெரியும், அதுக்குக் கொஞ்சம் மெனக்கெடணும்.

சிவப்பு ஸ்பார்ட்டாவுக்கு மட்டும் சொந்தம்னும் இல்ல. 401ல பாரசீக இளவரசன் சைரஸ்கிட்டக் கூலிக்குப் போன கிரேக்கர்கள் அணிவகுத்தப்ப எல்லாரும் வெண்கலத் தலைக்கவசம், சிவப்பு உள்ளாடை, கால்கவசம், உறை நீக்கின கேடயம்னு நின்னதா செனோஃபோன் எழுதறார். அவரும் அந்தக் கூட்டத்துல இருந்தவர். பல ஊர் ஆள், ஒரே நிறம். அந்தப் படையைக் கட்டினா சிவப்பு டப்பா தீர்ந்த இடத்துல வேற சிவப்பு வாங்கி ஓட்டலாம், யாரும் கேக்க முடியாது.

பிப்ரவரி 20

செய்முறை கேட்டு நாலஞ்சு பேர். எழுதிடறேன்.

ஆளும் கேடயமும் சேர்த்து ஒட்டாதீங்க. கேடயத்தைத் தனியா, இரட்டைப் பக்க டேப் ஒட்டின மரப்பட்டையில வரிசையா வையுங்க. ஆளை ஐஸ்குச்சியில அஞ்சாறு பேரா ஒட்டுங்க. குச்சி கையில இருந்தா பொம்மையைத் தொடவே வேண்டாம், ஒரு நிறத்தை அத்தனை பேருக்கும் ஓட்டிட்டு அடுத்த குச்சி. விக்ட்ரிக்ஸ் கம்பெனி மாதிரி பிளாஸ்டிக் பெட்டியில தலை, கை எல்லாம் மாத்தி மாத்தி ஒட்டலாம், அதுல மயங்கி ஒவ்வொருத்தனுக்கும் தனி பாவனை குடுக்க உட்கார்ந்தீங்கன்னா மாசம் ஓடிடும். முன்வரிசைக்கு மட்டும் அந்த விளையாட்டு.

வெளிர் சாம்பல் ஸ்பிரே, மேல இருந்து வெள்ளை ஸ்பிரே லேசா. அதுக்கு மேல தண்ணியா ஓடுற கான்ட்ராஸ்ட் வகை வண்ணம் உடம்புக்கும் துணிக்கும். பள்ளத்துல தானா இருட்டும், மேட்டுல வெளுக்கும். கிரேக்கன் தோல் வெயில்ல காய்ஞ்சது, ரோஜாப்பூ நிறம் குடுக்காதீங்க. லினன் கவசத்துக்கு வெறும் வெள்ளை போட்டா சுண்ணாம்பு அடிச்ச சுவர் மாதிரி இருக்கும். பழுத்த வெள்ளை, அதுமேல பழுப்பு வாஷ் (தண்ணியாக் கரைச்ச வண்ணம்), விளிம்புல மறுபடி வெள்ளை.

வெண்கலத்துக்கு நான் கடைசியா வந்து நின்ன வழி: அடியில கரும்பழுப்பு, மேல பித்தளை நிற உலோக வண்ணம், பழுப்பு வாஷ், காய்ஞ்சதும் உச்சியில மட்டும் தங்கமும் வெள்ளியும் கலந்து ஒரு தொடு. பச்சைக் களிம்பு ஏத்துறவங்க இருக்காங்க. எனக்கு உடன்பாடில்ல. அது மியூசியத்துல இருக்கிற வெண்கலம். போருக்குப் போறவன் தேய்ச்சு மினுக்கிட்டுத்தான் போவான், ஸ்பார்ட்டன் கட்டாயம் மினுக்குவான்.

கேடயத்துல நேரத்தைக் கொட்டுங்க, ஆள்ல மிச்சம் பிடிங்க. மேசையில ரெண்டடி தள்ளி நின்னு பார்க்கிறவனுக்குத் தெரியறது வட்டம் வட்டமா கேடயம்தான். ஆளோட கழுத்துல இருந்து முழங்கால் வரைக்கும் அது மறைச்சிடும். சட்டை மடிப்புல உட்கார்ந்து உயிரை விடாதீங்க.

டீகால் (தண்ணியில நனைச்சு ஒட்டுற படம்) ஒட்டுறவங்களுக்கு: கேடயம் குவிஞ்சு விளிம்பு தட்டையா வரும், அந்தத் திருப்பத்துல படம் சுருங்கும். சுத்தி நாலு இடத்துல நுனியை வெட்டிவிட்டு, டீகால் மென்மையாக்குற திரவத்தைத் தடவி, ஈரப் பஞ்சால நடுவுல இருந்து வெளிப்பக்கமா அழுத்துங்க. அடியில பளபளா வார்னிஷ் இருந்தா ஓரம் தெரியாது.

பிப்ரவரி 21

ஈட்டி. பிளாஸ்டிக் ஈட்டி முறியும். கம்பி வாங்கலாம், ஆனா குத்தும், விளையாடும்போது ரத்தம் பார்த்திருக்கேன். நான் இப்ப பாதிப் படைக்குத் தென்னை ஈர்க்குதான். சிரிக்காதீங்க. ஈர்க்கு இயல்பாவே அடியில தடிச்சு நுனியில மெலிஞ்சு போகும், ஈட்டிக்கும் அதே வடிவம்தான். நல்லாக் காய்ஞ்ச விளக்குமாத்துல இருந்து உருவி, நேரா இருக்கிறதை மட்டும் பொறுக்கி, கத்தியால ஒரு சுரண்டு, மேல உடனடிப் பசையை மெல்லிசாத் தடவினா இறுகிடும். ஹாப்லைட் ஈட்டி ஏறக்குறைய 2.4 மீட்டர்னு வச்சா நம்ம பொம்மைக்கு ஏறக்குறையப் பொருந்துற 1:60 அளவுல 4 செமீ. பின்முனையில வெண்கலக் குத்தி ஒண்ணு உண்டு, சவ்ரோட்டர். அதுக்குப் பசைச் சொட்டு ஒண்ணு காயவிட்டு வெண்கல நிறம் தொட்டா போதும்.

மார்ச் 3

எத்தனை பொம்மை வேணும்ங்கிற கேள்விக்கு வர்றேன். ஒரு பொம்மைக்கு 20 ஆள்னு கணக்கு வைங்க. மராத்தான் போர்ல ஏதன்ஸ், பிளாட்டியா ரெண்டு ஊரும் சேர்ந்து பத்தாயிரம் பேர்னு எடுத்தா 500 பொம்மை, கட்டலாம். பிளாட்டியாவுல நடந்த போருக்கு வரலாற்றாசிரியர் ஹெரோடோட்டஸ் தர்ற ஹாப்லைட் கணக்கு 38,700. அது 1,935 பொம்மை. குடும்பம் இருக்கிறவன் இறங்கக் கூடாது.

ஆனா அந்தக் கணக்குல ஒரு வரி இருக்கு, நம்ம ஆளுங்க யாரும் பேசறதில்ல. ஸ்பார்ட்டன் 5,000 பேர், ஒவ்வொருத்தனோட ஏழு ஹெலாட், அதாவது ஸ்பார்ட்டாவோட அடிமை ஆளுங்க. 35,000 பேர். நம்ம விகிதத்துல ஸ்பார்ட்டன் 250, ஹெலாட் 1,750. பிளாட்டியா போட்டிருக்கேன்னு படம் காட்டுற எந்த மேசையிலயாவது இதைப் பார்த்திருக்கீங்களா? ஓரத்துல கவண்காரன் பத்துப் பேர் நிப்பான், அதோட சரி. அடிமையைப் பெட்டி போட்டு வித்தா யாரும் வாங்க மாட்டான். எல்லாருக்கும் லாம்டாதான் வேணும். நானும் கட்டப் போறதில்ல, ஆனா "வரலாற்றுப்படி துல்லியமான ஸ்பார்ட்டா"ன்னு யாராவது பதிவு போட்டா இந்த எண்ணைத்தான் கீழ எழுதறேன்.

மார்ச் 3

தம்பிக்கு 300 பேர்தான் வேணும்னா ஒரு வழி இருக்கு. தீப்ஸோட புனிதப் படை 300 பேர்னு ப்ளூட்டார்க் சொல்றார். ஒரு பொம்மைக்கு ஒரு ஆள், விகிதமே வேண்டாம். 338ல கைரோனியாவுல மாசிடோனியாகிட்ட அழிஞ்சாங்க. அங்க கல் சிங்கம் நிக்கிற அடைப்புக்குள்ள தோண்டினப்ப 254 எலும்புக்கூடு வரிசையாக் கிடைச்சது. அது புனிதப் படைதான்னு பல பேர் ஏத்துக்கறாங்க.

மார்ச் 17

பேஸ், அதாவது பொம்மைகளை ஒட்டி நிறுத்துற தட்டு. 60 மிமீ அகலம், முன்னால 4 பேர். டிபிஏங்கிற மேசைப் போர் விளையாட்டு விதிகள்ல 1990ல இருந்து அந்த அளவுதான், இன்னிக்கும் பாதி ஆட்டங்களுக்கு இது ஒத்துப்போகும். சும்மா வந்த எண்ணும் இல்ல. கேடயம் 90 செமீ குறுக்களவு, 1:60ல 15 மிமீ, நாலு பேர் நின்னா 60. விளிம்போட விளிம்பு தொட்டு நிக்கும்.

ஒட்டுறதுக்கு முன்னால பசை இல்லாம நிறுத்திப் பாருங்க. நாலு பேரையும் ஒரே பக்கமாக் கொஞ்சம் திருப்பினாத்தான் கேடயம் இடிக்காம உட்காரும். வரலாற்றாசிரியர் தூசிடிடிஸ் 418 மாண்டினியா பத்தி எழுதறப்ப இதையேதான் சொல்றார்: ஒவ்வொருத்தனும் தன் வலப்பக்கத்தை மறைக்கப் பக்கத்து ஆளோட கேடயத்துக்குள்ள ஒதுங்குவான், அதனால படை மொத்தமா வலப்பக்கமா நகரும்.

தரைக்குப் பச்சைப் புல் விரிப்பு போட்டு இங்கிலாந்து ஆக்கிடாதீங்க. சண்டை நடக்கிறது கோடையில, காய்ஞ்ச மண், சுண்ணாம்புக் கல், அங்கங்க முள்செடி. கட்டட வேலை நடக்கிற இடத்து மணலைச் சலிச்சு ஃபெவிகால் மேல தூவி, வெளிர் மண் நிறத்துல உலர்தூரிகை இழுத்தா முடிஞ்சது.

ஏப்ரல் 2

மேல கேடயம்தான் எல்லாம்னு எழுதியிருந்தேன். அதுல ஒரு பாதி இப்ப மாறுது.

போன வாரம் முழுப் படையையும் இறக்கி ஆடினோம். சாயங்காலம் வரைக்கும் நான் பார்த்துட்டு இருந்தது என் படையோட முதுகு. கேடயப் படத்தை எல்லாம் ரசிச்சது எதிர்ல இருந்தவர். நான் ராத்திரி கண்விழிச்சுப் போட்ட கோர்கனை அவர் "நல்லாருக்கே சார்"ன்னுட்டு உடைச்சுட்டுப் போறார். எனக்குத் தெரிஞ்சது போர்வை, கவசத்தோட பின்தகடு, தலைக்கவசக் குஞ்சம், கடைசி வரிசையில கேடயத்தோட உள்பக்கம். அந்த உள்பக்கத்தை நான் வெறும் பழுப்பா விட்டிருந்தேன். அங்க முழங்கைக்கு வெண்கலப் பட்டை, கைப்பிடிக் கயிறு, சுத்தி ஓடுற கயிறுல குஞ்சங்கள்னு ஜாடி ஓவியத்துல எவ்வளவோ இருக்கு. கயிறுக்கு ஒரு சிவப்புக் கோடு, பட்டைக்கு ஒரு வெண்கலக் கோடு, அவ்வளவு போதும், ஆளே மாறிடறான்.

அதனால புது விதி: முன்வரிசைக்குக் கேடயம், கடைசி வரிசைக்கு முதுகு. நடுவுல நிக்கிறவனுக்குத் தலை மட்டும்.

ஏப்ரல் 5

"நடுவுல நிக்கிறவன் எங்க இருக்கான், ரெண்டு வரிசைதானே"ன்னு கேக்கறார் ஒருத்தர். ஸ்பார்ட்டாவும் தீப்ஸும் மோதின லியூக்ட்ரா போரைக் கட்டுங்க, தெரியும். 371. ஸ்பார்ட்டன் 12 வரிசை ஆழம், எதிர்ல தளபதி எபமினோண்டஸ் இடப்பக்கம் நிறுத்தின தீப்ஸ் அணி 50 வரிசை. அம்பது வருஷம் முன்னாலயே டீலியம் போர்ல இந்தத் தீப்ஸ்காரங்க 25 வரிசை நின்னாங்க, ஏதன்ஸ் 8, ஆகவே திடீர்னு முளைச்ச யோசனை இல்ல. மேசையில ஸ்பார்ட்டாவுக்கு ரெண்டு வரிசை வச்சா தீப்ஸுக்கு எட்டு. 40 மிமீ ஆழமுள்ள பேஸ் நாலு ஒண்ணுக்குப் பின்னால ஒண்ணு, 16 செமீ. நேர்ல பார்த்தா வயிறு கலங்கும். அந்த எட்டுல உள்ள ஆறு வரிசையும் மகா மட்டமான வேலையா இருக்கலாம், பழைய படை, உடைஞ்ச கால், யாரோ சின்ன வயசுல அடிச்ச வண்ணம், எல்லாத்தையும் நடுவுல சொருகுங்க.

அன்னிக்கு அங்க இருந்த ஸ்பார்ட்டாக் குடிமக்கள் 700 பேர்ல 400 பேர் வரைக்கும் செத்தாங்க, அரசன் கிளியோம்ப்ரோட்டஸ் உள்பட. முழுக்குடிமகன் எண்ணிக்கை அப்பவே அவ்வளவு சுருங்கிப் போச்சு. மேசையில லாம்டாக் கூட்டத்தைப் பெரிசா நிறுத்துறவங்க அதுல பெரும்பாலும் சுத்துவட்டார ஆளுங்கதான்னு ஞாபகம் வச்சுக்கலாம்.

ஏப்ரல் 19

கேள்வி கேட்ட தம்பி இப்ப அலெக்சாந்தர் பக்கம் சாயறார். எதிர்பார்த்ததுதான்.

சரிஸாங்கிற நீள ஈட்டி ஏந்துற மாசிடோனியப் படைக்கு வண்ணம் குறைச்சல், ஈட்டி வேலை அதிகம். வரலாற்றாசிரியர் பாலிபியஸ் சொல்ற நீளம் 14 முழம், 1:60ல பத்து செமீக்கு மேல. ஈர்க்கு இங்கதான் ஜெயிக்கும். அஞ்சு வரிசையோட முனை முன்னாடி ஆளைத் தாண்டி நீட்டிட்டு இருக்கும்ங்கிறார், பின்னால இருக்கிறவங்க மேல தூக்கிப் பிடிச்சு அம்பைத் தடுப்பாங்க. அதை அப்படியே கட்டினீங்கன்னா எதிரி பேஸ் உங்க பேஸைத் தொடவே முடியாது, பெட்டியிலயும் வைக்க முடியாது. முதல் வரிசையை மட்டும் சாய்ச்சு, மத்ததை நிமிர்த்திடுங்க. மனசு கேக்கலன்னா நீட்டின முனைக்குத் தனிப் பட்டை ஒண்ணு, புகைப்படத்துக்கு மட்டும்.

நிறத்துக்கு ஊகம் வேண்டாம். சிடோன்ல 1887ல கிடைச்ச அலெக்சாந்தர் சவப்பெட்டி இஸ்தான்புல்ல இருக்கு, அதுல வண்ணத் தடம் இன்னும் தெரியுது. தெசலோனிக்கி பக்கம் ஆகியோஸ் அதானசியோஸ் கல்லறையில மாசிடோனிய வீரர்கள் போர்வையும் கேடயமுமா வண்ணத்தோடயே நிக்கிறாங்க. வெள்ளைப் பளிங்கு கிரேக்கத்தை மறந்துட்டு அதைப் பாருங்க, கண்ணு கூசும்.

அலெக்சாந்தரை எதிர்த்த இந்திய அரசன் போரஸ் படையும் சேர்த்துக் கட்டலாமாம். அலெக்சாந்தர் வரலாறு எழுதின ஆர்ரியன் கணக்குல யானை 200. ஒண்ணுக்கு இருபதுன்னாலும் 10 யானை. விலையைப் பார்த்துட்டு மறுபடி வாங்க.

மே 6

வார்னிஷ் வெளுத்துப் போச்சுன்னு படம் போட்டவருக்கு: காத்துல ஈரம் இருக்கிற நாள்ல மேட் ஸ்பிரே அடிச்சா பனி பூத்த மாதிரி வெளுக்கும். தூக்கிப் போடாதீங்க. காய்ஞ்ச நாள் பார்த்து மேல பளபளா வார்னிஷ் தூரிகையால ஒரு கை போடுங்க, பெரும்பாலும் தெளிஞ்சுடும். அப்புறம் தூரிகையாலயே மேட். கரையோர ஊர்ல இருக்கிறவங்க ஸ்பிரே வார்னிஷ் பக்கமே போகாம இருக்கிறது நல்லது.

மேட் போட்டதும் வெண்கலம் செத்துடும், அதையும் சொல்லிடறேன். அதனால தலைக்கவச உச்சிக்கும் கேடய விளிம்புக்கும் உலோக வண்ணத்தைக் கடைசியா ஒரு தடவை தொட்டுவிடணும். புனிதப் படைக்கு அந்த வேலைதான் ஓடிட்டு இருக்கு, பாதி விளிம்பு பாக்கி.